இரவல் சொல்லும் சொந்தக் குரலும்

ஒருவர் வகுத்த சொல்லை இன்னொருவர் தம் குரலில் உரைப்பது இன்று தோன்றிய வழக்கமன்று. மன்னனின் ஆணையை முரசறைந்து ஊருக்கு உரைத்த வள்ளுவன் அவ்வாணையை இயற்றியவனல்லன். பகைவனின் அவையிலே தூதுரைத்தவன் தன் கருத்தை அங்கே கூறவில்லை. கூத்துக் களரியில் இராவணனாக முழங்கியவன் விடிந்ததும் வீடு திரும்பிக் கஞ்சி குடித்தான். இவர்களுள் எவரையும் பொய்யர் என்று நம் முன்னோர் பழித்ததில்லை. அச்சொல் யாருடையது என்பது கேட்போர் அனைவருக்கும் தெரிந்திருந்தமையே அதற்குக் காரணம்.

வணிக விளம்பரத்தை வாசிப்பவரின் நிலை இதிலிருந்து வேறுபட்டது. அவர் பெயர் அறிவிக்கப்படுவதில்லை. சவர்க்காரத்தை விற்பவர் அவரல்லர். அதைப் பற்றிய வாசகத்தை எழுதியவரும் அவரல்லர். ஆயினும் வானொலியில் 30 விநாடி ஒலிக்கும் அக்குரல் ஒரு தாயின் அக்கறையோடும், ஒரு தோழியின் உரிமையோடும், ஒரு மருத்துவரின் உறுதியோடும் நம் அடுப்படிவரை வந்துவிடுகிறது. கேட்பவர் சொல்லை நம்புவதற்கு முன்பே குரலை நம்பிவிடுகிறார். அந்த நம்பிக்கையை உண்டாக்குவதற்காகவே குரலுக்குக் கூலி தரப்படுகிறது. அங்ஙனமாயின், பிறர் எழுதிய புகழுரையை நம் குரலால் நம்பத்தக்கதாக்குவது நேர்மையான தொழிலாகுமா? அத்தொழிலுக்கென்று தம்மைத் தாமே பயிற்றிக்கொள்ளும் இளைஞருக்கு ஆசிரியராகிய நாம் கூறத்தக்கது யாது?

இவ்வினா நகரத்து ஒலிப்பதிவுக்கூடங்களில் மட்டும் எழுவதன்று. சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களிலும் இன்று எழுந்துள்ளது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இரப்பர்த் தோட்டங்களில் வாழும் தமிழர் சிறு தொகையினர். நுவரெலியாவைப் போல அடுத்தடுத்த மலைகளிலெல்லாம் தமிழ் கேட்கும் நிலை இங்கே இல்லை. உயர்தர வகுப்புள்ள தமிழ்ப் பாடசாலைகள் ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ளன. பரீட்சை முடிந்த பிள்ளைகளிற் பலருக்குக் கொழும்பின் கடைகளும் ஆடைத் தொழிற்சாலைகளுமே கண்ணுக்கெட்டிய வழிகள். இந்நிலையில் இறக்குவானை, பலாங்கொடை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கங்களில் சில பிள்ளைகள் குரலையே முதலாகக் கொண்டு ஒரு தொழிலைத் தேட முனைவதை நாம் காண்கிறோம். நிலமும் பணமும் இல்லாதவருக்குக் குரல் ஒன்றேனும் சொந்தமல்லவா? கைத்தொலைபேசியே அவர்களின் ஒலிப்பதிவுக்கூடம். வானொலியிற் கேட்ட விளம்பரத்தைக் கொப்பியில் எழுதிக்கொள்கிறார்கள். 10 அடிக்கு 12 அடி லயக் காம்பிராவில், தகரக் கூரைமேல் மழை ஓயும் நேரம் பார்த்து, எதிரொலி அடங்குமாறு போர்வையைத் தலைமேற் போட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள். பதிந்ததைக் கேட்கிறார்கள், மீண்டும் வாசிக்கிறார்கள்.

இதனை வெறும் விளையாட்டென்று தள்ளுதல் தகாது. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் இனவன்செயல்கள் இப்பகுதித் தோட்டங்களையும் தாக்கின. பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் அதற்கப்பாலும் பெயர்ந்தன. எஞ்சியோர் பேருந்திலும் சந்தையிலும் தமிழைத் தாழ்ந்த குரலிற் பேசப் பழகினர். அவ்வச்சத்தை நேரிற் காணாத தலைமுறைக்கும் அப்பழக்கம் வந்து சேர்ந்தது. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் மேசையைப் பார்த்து முணுமுணுக்கும் பிள்ளையை இப்பகுதி ஆசிரியர் நன்கறிவர். அத்தகைய பிள்ளை ஒன்று, எவரும் பணிக்காமலே, தன் குரலை உயர்த்திச் செம்மைப்படுத்த முயல்கிறதென்றால், அம்முயற்சியில் தொழிலாசைக்கு மேலான ஒன்று இருக்கிறது. அக்குரல் நிமிர்வதற்குக் கிடைத்த பாடம் சவர்க்கார விளம்பரமாக இருப்பதே வருந்தத்தக்கது.

பயிற்சியின் இயல்பைச் சற்று நுணுகி நோக்குவோம். முதன்முறை தன் குரலைப் பதிவிற் கேட்பவர் பெரும்பாலும் கூசிப்போகிறார். நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் நம் உட்செவியை அடைகிறது. அதனால் அது நமக்குக் கனமாகவும் நிறைவாகவும் கேட்கிறது. பதிவுக் கருவிக்கு அவ்வழி இல்லை. பிறர் நாள்தோறும் கேட்கும் நம் குரலை அங்கேதான் நாம் முதலிற் கேட்கிறோம். கூச்சத்தைக் கடந்த பின்னர் குறைகள் தெரியத் தொடங்குகின்றன: லகர ளகர ழகரங்கள் மயங்கிய இடம், சொல்லின் ஈற்றொலி விழுங்கப்பட்ட இடம், மூச்சு முட்டிய இடம், பண்டத்தின் பெயரில் விழவேண்டிய அழுத்தம் ‘புதிய’ என்னும் அடைமொழியில் விழுந்துவிட்ட இடம். 30 விநாடிக்கு ஆங்கிலத்தில் 75 சொற்கள் என்பது பொதுவான கணக்கு. உருபும் இடைநிலையும் விகுதியும் ஒட்டி நீளும் நம் சொற்களை அதே தொகையில் திணித்தால் வாசிப்பவர் ஓட நேரும். எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லைத் தாழ்த்தினால் அடுத்த சொல் எழும் என்பவை பலமுறை வாசித்தாலன்றிப் பிடிபடா. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி வாசித்து, மாற்றத்தின் பயனைக் கேட்டறிபவரே முன்னேறுகிறார்.

காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளை வளர்த்த மக்களுக்குக் குரற்பயிற்சி புதிதன்று. ஆனால் கூத்தின் குரல் திறந்த வெளியிலே கடைசி வரிசைவரை எட்டவேண்டிய குரல். ஒலிவாங்கியோ ஒரு சாண் தொலைவில் இருக்கிறது. அதன்முன் முழங்குபவர் தோற்கிறார். ஒரேயொருவரின் காதோடு பேசுவதாக எண்ணிப் பேசுபவர் வெல்கிறார். ஊருக்குப் பேசிய குரல் தனியாளுக்குப் பேசும் குரலாகச் சுருங்குவதே விளம்பர வாசிப்பின் முதற்பாடம். அந்த நெருக்கத்திலேதான் அதன் ஆற்றலும் ஆபத்தும் ஒருங்கே உள்ளன.

ஒலிப்பதிவுக்கூடத்திலே கண்ணாடிக்கு அப்பால் ஒரு நெறியாளர் இருப்பார். ‘இன்னும் கொஞ்சம் மகிழ்ச்சி’, ‘இங்கே தாயைப் போல’ என்று அவர் கூற, வாசிப்பவர் அவ்வாறே செய்வார். தனியே பயில்பவருக்கு அத்தகையோர் இல்லை. தமக்குத் தாமே நெறியாளராதல் வேண்டும். பேசுவது யார்? யாரிடம்? இதைக் கேட்குமுன் அவர் மனத்தில் இருந்த குறை யாது? கேட்டபின் அவர் என்ன செய்யவேண்டுமென்று நாம் விரும்புகிறோம்? இவற்றுக்கு விடை காணாமல் ஒரு வாக்கியத்தைக்கூட உயிரோடு வாசித்தல் இயலாது. இவை தொழில்நுட்ப வினாக்களாகவே எழுகின்றன. ஆயினும் ‘கேட்பவர் யார்?’ என்று உண்மையாகவே கேட்டவரின் மனம் ‘இதனால் அவருக்கு நன்மை உண்டா?’ என்ற அடுத்த வினாவைத் தவிர்க்க முடியாது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் தீதரோ நடிகனைப் பற்றி எழுதிய உரையாடல் ஒன்று அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின் 1830இல் வெளிவந்தது. சிறந்த நடிகன் தான் உணர்ச்சிவசப்படுவதில்லை. குளிர்ந்த அறிவோடு நின்று பார்ப்போரை உணர்ச்சிவசப்படுத்துகிறான் என்பது அதன் சாரம். நாடகத்துக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பது பற்றிக் கருத்துவேறுபாடு உண்டு. தன்னைத் தானே நெறிப்படுத்தும் விளம்பர வாசிப்பாளருக்கு இது முழுவதும் பொருந்தும். இருபதாவது முறை அதே வாக்கியத்தை வாசித்து, ‘இம்முறைதான் நம்பும்படி இருக்கிறது’ என்று தேர்ந்தெடுப்பவர் உணர்ச்சியில் மிதப்பவரல்லர், அளந்து பார்ப்பவர். அவ்வாறு அளக்கத் தெரிந்தவர் பின்னர் ‘எழுதியிருந்ததை வாசித்தேன், வேறொன்றும் அறியேன்’ என்று கூறித் தப்ப முடியாது.

இங்கே இருசாரார் குறுக்கிடுவர். நம் நண்பர்கள் சிலர், விளம்பரமென்பது முதலாளித்துவத்தின் தரகு. ஏழைப் பிள்ளைகளை அதற்குப் பழக்குவது ஆசிரியருக்கு அடுக்காது என்பர். மற்றொருசாரார், கொழுந்து பறிப்பவர் கையை விற்கிறார், வாசிப்பவர் குரலை விற்கிறார், இதில் அறம் பேச என்ன இருக்கிறது என்பர். முதற்கூற்று உலகை மாற்றும் நாள்வரை பிள்ளைகளை வாய்மூடி இருக்கச் சொல்கிறது. இரண்டாங்கூற்று குரலுக்கும் கைக்கும் உள்ள வேறுபாட்டை மறக்கிறது. பறித்த கொழுந்து ‘என்னை நம்பு’ என்று யாரிடமும் கூறுவதில்லை, குரல் கூறுகிறது. தோட்டத்து மக்களின் வரலாறே இவ்வேறுபாட்டுக்குச் சான்று.

கோப்பிக் காலத்திலும் பின்னர் தேயிலைக் காலத்திலும் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளின் கிராமங்களுக்கு ஆள் திரட்டச் சென்ற கங்காணி எதைக் கொண்டு சென்றான்? பெரும்பாலும் தன் குரலை. இலங்கையிலே தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி அழைத்து வந்தார்கள் என்பது மலையகத்தில் இன்றும் வழங்கும் செய்தி. 1904இல் திருச்சியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் நிறுவப்பட்டு ஆட்சேர்ப்பு முறைப்படுத்தப்பட்ட பின்னரும் கங்காணியின் வாய்ச்சொல்லே முதன்மையாக இருந்தது. துரைமாரின் அறிவித்தலைவிட அவன் சொல் ஏன் எடுபட்டது? அவன் அதே ஊரான். பல வேளைகளில் அதே சாதியான், உறவினன். ‘மாமா’ என்றும் ‘அண்ணன்’ என்றும் அழைக்கப்படத் தக்கவன். பஞ்சமும் நிலவுடைமைக் கொடுமையும் மக்களை விரட்டிக்கொண்டிருந்தன என்பது உண்மை. எனினும் எத்திசை ஓடுவது என்பதை ஒரு பழகிய குரல் காட்டியது. மன்னாரிலிருந்து மலைக்கு ஏறிய பாதையில் ஆயிரக்கணக்கானோர் நோயாலும் பசியாலும் மடிந்தனர். வந்து சேர்ந்தோரைக் கடனும், 1921இல் ஒழிக்கப்படும்வரை ‘துண்டு’ முறையும் கட்டிப்போட்டன. தோட்டத் தமிழர் கேட்ட முதல் விளம்பரம் இதுவே. அதனை எழுதியவர் தோட்டமுதலாளி. நம்பும்படி உரைத்தவன் நம்மவன். அவனும் கூலிக்கே உரைத்தான்.

இந்நாட்டில் வணிக விளம்பரம் வானலையேறியது 20ஆம் நூற்றாண்டின் நடுவிலாகும். 1925இல் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைப் பெற்றது. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைப் புறக்கணித்தது. 1967வரை வணிக விளம்பரங்களுக்கும் அங்கே இடமில்லை. எனவே இந்திய வணிகரும் இந்திய நேயரும் கொழும்பை நாடினர். பற்பசை நிறுவனமொன்றின் ஆதரவில் 1952இல் தொடங்கிய ‘பினாகா கீத்மாலா’ பம்பாயில் அமீன் சயானியின் குரலிற் பதிவாகிக் கொழும்பிலிருந்து ஒலித்தது. தமிழில் எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் முதலிய அறிவிப்பாளர்களின் குரல்கள் கடலுக்கப்பாலும் வீட்டுக் குரல்களாயின. அவர்களின் உச்சரிப்பைக் கேட்டே தமிழைச் செம்மையாகப் பேசக் கற்றோர் பலர். வணிகத்தின் பணத்திலே மொழிப்பயிற்சியும் வளர்ந்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஆனால் அங்கே ஒரு காப்பு இருந்தது. அறிவிப்பாளருக்குப் பெயர் இருந்தது. மக்கள் அவரை அறிந்திருந்தனர். அவர் உரைத்த சொல் அவர் பெயரோடு நின்றது. இன்றைய விளம்பரக் குரலுக்கோ பெயரே இல்லை.

தேயிலையின் கதை இதனினும் கசப்பானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இலங்கைத் தேயிலையின் விளம்பரங்களிலும் பெட்டிகளிலும் கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவம் இடம்பெற்று வந்திருக்கிறது. 1932இல் தேயிலைப் பிரசாரத்துக்கென்றே ஒரு சபை அமைக்கப்பட்டது. உலகின் கடைவீதிகளெங்கும் அவள் முகம் சென்றது. அவள் குரலை எவரும் கேட்கவில்லை. தேயிலையின் மணத்தையும் மலையின் குளிர்ச்சியையும் வருணித்த குரல்கள் மலையேறாதவர்களின் குரல்கள். நாட்கூலி 1000 ரூபாய் ஆவதற்கே 2021வரை போராட நேர்ந்த ஒருத்தியின் பேச்சு அந்த வருணனைக்குப் பொருந்தாதல்லவா? அவள் பேத்தி இன்று போர்வைக்குள் இருந்து தேயிலை விளம்பரத்தை வாசித்துப் பழகுகிறாள். முகம் சென்ற இடத்துக்குக் குரலும் செல்லட்டும் என்று நாம் விரும்பவே செய்கிறோம். ஆனால் வேறொருவர் எழுதிய வருணனையை மட்டும் சுமந்துகொண்டு செல்லுமாயின், சென்றது அவள் குரலா என்ற ஐயம் நீங்காது.

உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி ஒருநாள் முகப்பூச்சு விளம்பரமொன்றைப் பழகிக்கொண்டு நம்மிடம் வந்தாள். கறுப்பாய் இருந்தவள் வெளுப்பானதும் வேலை கிடைத்தது என்பது அதன் சாரம். வாசிப்பில் குறையொன்றுமில்லை. முடித்தபின், “சேர், இத நான் சொன்னா சரியா இருக்குமா? என் மூஞ்சி யாருக்கும் தெரியாதுதானே?” என்றாள். தன் தோல் நிறத்தையும் தன் தாயின் நிறத்தையும் குறையென்று அறிவிக்க அவள் தன் குரலைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அது தெரிந்தே கேட்டாள். முகம் தெரியாது என்பதால் சொல்லின் பொறுப்பு குறையுமா என்பதே அவள் வினா. 1975இல் இந்தியாவில் அறிமுகமான ‘ஃபெயார் அண்ட் லவ்லி’ 2020இல் உலகெங்கும் எழுந்த கண்டனத்தால் ‘குளோ அண்ட் லவ்லி’ என்று பெயர் மாறியது. பெயரை மாற்றலாம், 45 ஆண்டுகள் பெண்களின் காதுகளில் ஏறிய சொல்லை மாற்றி எழுதுவது எளிதன்று.

அம்மாணவிக்கு நாம் கூறிய விடையைச் சிறிது விரித்து இங்கே தருகிறோம். விளம்பரத்து வாக்கியங்கள் மூவகைப்படும். முதலாவது அறிவிப்பு: இன்ன பொருள், இன்ன விலை, இன்ன இடம். இதனை வாசிப்பதில் எவருக்கும் இழுக்கில்லை. வாங்குவோருக்கு அது பயனுள்ளதே. இரண்டாவது புகழ்ச்சி: ‘இனிமையிலும் இனிமை’ என்பது போன்றது. இது வியாபாரப் பேச்சென்பதைச் சிறுபிள்ளையும் அறியும். சந்தையில் மாம்பழம் விற்பவரின் கூவல் போன்றது. மூன்றாவது சான்று: ‘நான் பாவித்தேன், என் பிள்ளை வளர்ந்தான், என் வாழ்வு மாறியது.’ இங்கே குரல் சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. பாவிக்காதவர் பாவித்ததாகக் கூறுவதும், கேட்பவரின் அச்சத்தையோ தாழ்வுணர்ச்சியையோ பிடித்திழுப்பதும் இவ்வகையினவே. இலங்கையின் 2003ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் பொய்யான எடுத்துரைப்புக்காக வணிகரைத் தண்டிக்கும். வாசித்தவரை அது தேடி வராது. அவரைத் தேடி வரவேண்டியது அவர் செவியே.

சான்றின் தீங்கு கற்பனையன்று. தாய்ப்பாலுக்குப் பதிலான பால்மாவை விற்பதற்கு நிறுவனங்கள் கையாண்ட விளம்பரங்களால் வறிய நாடுகளிற் குழந்தைகள் நலிந்ததைக் கண்டே உலக சுகாதாரப் பேரவை 1981இல் அத்தகைய விளம்பரங்களுக்கு எதிரான நெறிக்கோவையை ஏற்றது. 2016இல் எடுக்கப்பட்ட குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 17 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறத்தில் அத்தொகை 32 விழுக்காடு. இத்தகைய வீட்டில் ‘உங்கள் பிள்ளை உயரமாக வளர’ என்று ஒரு தாயின் குரல் கூறும்போது அது யாருடைய பையிலிருந்து எடுக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். முட்டைக்கும் கீரைக்கும் போகவேண்டிய பணம் அழகிய குரலொன்றின் பின்னாற் போகிறது.

இதனால் மனத்தை இணங்கவைக்கும் குரலே தீயது என்று முடிவுகட்டுவது பிழை. கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிய காலத்தில் அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் மேடைகளிற் பாடினார். பாட்டுகளைச் சிறு நூல்களாக்கி மக்களிடையே பரப்பினார். எழுத்தறியாதோருக்கு அரசியலைக் கொண்டு சேர்த்தது அக்குரலே. அதுவும் பயின்ற குரல்தான். அதுவும் கேட்போரை ஒரு செயலுக்குத் தூண்டியதுதான். கங்காணியின் குரலும் மீனாட்சியம்மாளின் குரலும் ஒரே லயத்து வாசலில் ஒலித்தவை. ஒன்று கேட்பவர் அறியக்கூடாததை மறைத்தது. மற்றொன்று அவர் அறியவேண்டியதைத் திறந்தது. வள்ளுவர் சொல்வன்மையைப் பொருட்பாலின் 65ஆம் அதிகாரத்திலும் வாய்மையை அறத்துப்பாலின் 30ஆம் அதிகாரத்திலும் வைத்தார். வன்மை ஒரு கருவி. அதனை ஆள்வது வேறொன்று. பயிற்சியால் முன்னதைப் பெறலாம். பின்னது பயிற்சியின்போது எழும் வினாக்களுக்கு நாம் முகங்கொடுப்பதைப் பொறுத்தது.

மொழியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். நம் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் ஒலிக்கும் விளம்பரங்களிற் பல சிங்களத்தில் எழுதப்பட்டுப் பின்னர் தமிழாக்கப்படுபவை. வாயசைவுக்குப் பொருந்தவேண்டுமென்று சொல் முறிக்கப்படுகிறது. எழுவாய் ஓரிடத்திலும் பயனிலை வேறோரிடத்திலும் தொங்குகின்றன. இரு மொழியும் அறிந்த சப்பிரகமுவப் பிள்ளைகள் அக்குறையை முதலிற் கண்டுபிடிப்பவர்கள். வாசித்துப் பார்க்கும்போது நா தடுக்கிய வாக்கியத்தைத் தாமே திருத்தி எழுதி, ‘இப்படியிருந்தால் நம் ஆட்களுக்கு விளங்கும்’ என்கிறார்கள். சொல்லுக்கு அடிமையாக இருந்தவர் சொல்லைத் திருத்துபவராக மாறும் நல்ல தருணம் அது. மற்றொருபுறம், தோட்டத்துப் பேச்சு நகைப்புக்குரிய பாத்திரங்களுக்கே ஒதுக்கப்படுவதையும் நாம் கேட்டிருக்கிறோம். அதனால் தம் வீட்டுப் பேச்சின் சாயலே குரலில் தெரியாதபடி துடைத்தெறிய இப்பிள்ளைகள் முயல்கிறார்கள். தெளிவான உச்சரிப்பு வேண்டும். அதில் இரு கருத்தில்லை. ஆனால் மயக்கமின்றி ஒலித்தல் வேறு. பிறந்த இடத்துக்கு வெட்குதல் வேறு.

இன்று இத்தொழிலுக்கே புதிய இடர் ஒன்று வந்துள்ளது. சில நிமிடப் பதிவைக் கொண்டு ஒருவரின் குரலைப் போலவே எதையும் பேசும் பொறிகள் வந்துவிட்டன. 2024இல் வெளிவந்த ‘லால் சலாம்’ திரைப்படத்தின் பாடலொன்றில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் ஒலிக்கச் செய்தார்; குடும்பத்தாரின் இசைவைப் பெற்று ஊதியமும் அளித்ததாக அறிவித்தார். 2023இல் அமெரிக்க நடிகர் சங்கம் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் இத்தகைய பொறிகளுக்கு எதிரான காப்பும் ஒன்று. பெயர்பெற்ற கலைஞர்களுக்குக் கேட்க ஆளிருக்கிறது. தோட்டத்துப் பிள்ளை வாய்ப்புத் தேடி அனுப்பும் மாதிரிப் பதிவை எவர் எதற்குப் பயன்படுத்துவார்? அப்போது குரல் தான் வாசிக்காத வாசகத்துக்கும் சாட்சியாகிவிடும்.

ஆகவே நாம் பிள்ளைகளிடம் கூறுவது யாது? பயிலுங்கள் என்கிறோம். வாய் நிறையக் கூழாங்கற்களை இட்டுப் பேசிப் பழகினார் என்று கூறப்படும் கிரேக்கத்து தெமொஸ்தனீசைப் போல உழைத்துப் பயிலுங்கள். ஆனால் விளம்பரத்தை மட்டும் பயிலாதீர்கள். செய்தியையும், சம்பளச் சீட்டின் விவரத்தையும், தொழிற்சங்கத் துண்டறிக்கையையும், பாட்டி சொன்ன கதையையும் அதே கவனத்தோடு வாசித்துப் பதியுங்கள். வானொலி கேட்பதற்கு மட்டுமன்றிப் பேசுவதற்கும் மக்களின் கருவியாக வேண்டும் என்று ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட் 1932இல் விரும்பினார். கைத்தொலைபேசியில் அக்கருவியின் ஒரு பாதியாவது கைக்கு எட்டியிருக்கிறது. விளம்பரத்தைப் பயிலும்போதும் ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் அது அறிவிப்பா, புகழ்ச்சியா, சான்றா என்று குறித்துக்கொள்ளுங்கள். நிறுத்தக் குறிகளோடு இக்குறியும் சேரட்டும்.

கூலிக்கு வாசிக்கும் நாள் வரும்போது, பிழையென்று தோன்றும் வாசகத்தை மறுத்துவிடு என்று சொல்வது நமக்கு எளிது. மாதச் சம்பளம் பெறுபவர் நாம். தாய் பிரட்டுக்குப் போக, தம்பி பாடசாலைக்குப் போகக் காசின்றி நிற்கும் வீட்டுப் பிள்ளைக்கு மறுப்பின் விலை மிகப் பெரிது. பசித்தவரிடம் வீரத்தை எதிர்பார்த்து, வயிறு நிறைந்தவரிடம் எதையும் எதிர்பாராதிருப்பது அறமாகாது. வாசகத்தை எழுதுபவர், எழுதப் பணிப்பவர், ஒலிபரப்புபவர் ஆகியோர் பொறுப்பின் பெரும்பங்கை ஏற்கவேண்டும். பெயர்பெற்ற குரலாளர்கள் மறுத்துக் காட்டினால் பெயரில்லாதோருக்கும் மறுக்க இடம் பிறக்கும். கொழுந்துக்கும் பால்வெட்டுக்கும் சங்கம் கண்ட மக்களின் பிள்ளைகள் குரலுக்கும் சங்கம் காண முடியாதா? பாவிக்காததைப் பாவித்ததாகக் கூறமாட்டோம், எம் பதிவை எம் இசைவின்றிப் பொறிக்கு ஊட்டக்கூடாது என்ற இரண்டு உறுதிகளைக் கூட்டாகப் பெற்றாலே இத்தொழிலின் முகம் மாறிவிடும்.

அதுவரை சில வேளைகளில் இப்பிள்ளைகள் தாம் நம்பாத சொல்லையும் வாசிக்க நேரலாம். நேர்ந்தால், நம்பாமலே வாசிக்கிறோம் என்ற அறிவையாவது இழக்காதிருக்கட்டும். குரலைக் கூலிக்கு விடலாம். அதனை முதலிற் கேட்டுத் தீர்ப்புக் கூறும் செவியைக் கூலிக்கு விடலாகாது. தனியே அமர்ந்து தன் குரலைத் தானே கேட்டுத் திருத்தியவருக்கு அச்செவி வாய்த்திருக்கிறது. முகப்பூச்சு விளம்பரத்தை வாசித்த மாணவி அடுத்த வாரம் வேறொரு பதிவைக் கொண்டுவந்தாள்: இரப்பர்ப் பால் வெட்டும் தன் தாய், விடியுமுன் எழுவது முதல் பால் நிறுக்கும்வரை தன் நாளைப் பற்றிக் கூறியதை அவளே எழுதி வாசித்திருந்தாள். மொத்தம் 50 விநாடி. வாசிப்பில் இரண்டிடத்தில் மூச்சுப் பிசகியது. அவற்றைத் திருத்திக்கொள்ளச் சொன்னோம்.